கடைவீதியில் நிற்பவர்கள்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோயிலில் தொடங்குவர், கல்வெட்டைத் தேடுவர், ஆண்ட அரசரின் பெயரை நிறுவுவர். கடைவீதிக்கு வரலாறு எழுதுவோர் அரியர். இன்று திறந்து நாளை மூடக்கூடியது கடை. பலகை மாறினால் அதன் நினைவும் மறைந்துவிடுகிறது. ஆயினும் ஓர் ஊரின் மக்கள் எதை உண்டனர், எதை உடுத்தனர், யாரோடு அமர்ந்தனர், யாரிடம் கடன் சொல்லினர் என்பவற்றைக் கல்வெட்டைவிடக் கடைவீதியே தெளிவாகச் சொல்லும்.

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழும் நாம், மாதந்தோறும் ஏதேனும் ஒரு புதிய கடையின் திறப்பு விழாவைக் காண்கிறோம். வாசலில் வாழை மரம் கட்டப்படுகிறது. முதல் நாள் சலுகை அறிவிக்கப்படுகிறது. மாலைக்குள் தெரு நிரம்பிவிடுகிறது. மளிகைக் கடை இருந்த இடத்தில் குளிரூட்டப்பட்ட பேரங்காடி எழுகிறது. மிதிவண்டி பழுது பார்த்த கொட்டகை பிரியாணிக் கடையாகிறது. காலியாகக் கிடந்த மனையில் பல மாடித் துணிக்கடை உயர்கிறது. நாமும் குடும்பத்துடன் சென்று கண்டு மகிழ்கிறோம். மகிழ்வதில் குறையொன்றும் இல்லை. எனினும், இக்கடைகள் எந்த வழியாக இங்கு வந்தன என்பதும், அவற்றின் உள்ளே நாள் முழுவதும் நிற்பவர் யார் என்பதும் நாம் கேட்க வேண்டிய இரு வினாக்கள். முதல் வினாவுக்கு வரலாறு விடை தரும். இரண்டாவது வினாவுக்கு வரலாற்றோடு நம் மனச்சான்றும் சேர்ந்தே விடை தரவேண்டும்.

பூவின் ஊரும் புகைவண்டியும்

இம்மூன்று ஊர்களில் பூவிருந்தவல்லியே பழம்பெருமை மிக்கது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இதுவென வைணவ மரபு போற்றுகிறது. தம் நந்தவனத்தில் மலர்ந்த பூக்களைத் தொடுத்துக் காஞ்சி வரதருக்கு நாள்தோறும் எடுத்துச் சென்றவர் அவர் என்பது மரபுச் செய்தி. பூ விளைந்த ஊர், பின்னர்ப் பெருஞ்சாலையின் ஊராயிற்று. சென்னையிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை இதன் வழியே சென்றதால், ஆங்கிலேயர் காலத்தில் இங்குப் படைமுகாம் அமைந்தது. முகாமைச் சுற்றிக் கடைகள் அமைந்தன. இந்த ஊரில்தான் பேராயர் லூயிஸ் மத்தியாஸ் 1936-ஆம் ஆண்டு திரு இருதய குருத்துவக் கல்லூரியை நிறுவினார். நம் பங்குகளில் பணியாற்றிய குருக்களுள் பலர் அக்கல்லூரியில் பயின்றவர்கள் என்பதால், பூவிருந்தவல்லி என்னும் பெயர் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நெருக்கமானது.

அம்பத்தூரும் ஆவடியும் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர்கள். அவற்றின் போக்கை மாற்றியது இருப்புப்பாதை. 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அந்தப் பாதை பெரம்பூரையும் அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்தே மேற்கு நோக்கிச் சென்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடி பெரியதொரு படைத்தளமாயிற்று. படைவீரர் வந்த இடத்தில் தேநீர்க் கடையும், சலவைக் கடையும், தையற்கடையும் வருவது உலக இயல்பு. இவ்வாறு முதலில் சாலைக்காகவும், அடுத்துப் படைக்காகவும் எழுந்த கடைகளே இவ்வூர்க் கடைவீதிகளின் முதல் அடுக்கு எனலாம்.

1955 என்னும் ஆண்டு

மேற்குப் புறநகரின் வரலாற்றில் 1955-ஆம் ஆண்டு தனித்து நிற்கிறது. அவ்வாண்டு சனவரித் திங்களில், யு. என். தேபர் தலைமையில், இந்திய தேசிய காங்கிரசின் மாநாடு ஆவடியில் கூடியது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலம் அது. பிரதமர் நேரு கலந்துகொண்ட அந்த மாநாட்டில்தான், சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே நாட்டின் குறிக்கோள் என்னும் தீர்மானம் நிறைவேறியது. வரலாற்று நூல்களில் ஆவடியின் பெயர் இடம்பெறுவது பெரும்பாலும் இத்தீர்மானத்தின் பொருட்டே.

அதே ஆண்டு மே முதல் நாள் உரோமை நகரில், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருவிழாவை ஏற்படுத்தினார். உலகத் தொழிலாளர் தங்கள் உரிமை நாளாகக் கொண்டாடிய நாளை, நாசரேத்துத் தச்சரின் நாளாகவும் திருஅவை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், அம்பத்தூருக்குக் கிழக்கே வில்லிவாக்கத்தை ஒட்டிப் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கி வைக்கப்பட்டது.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் திட்டமிட்டு ஒருவரும் இணைக்கவில்லை. ஆயினும் மூன்றும் ஒரே வினாவைச் சுற்றியே நிகழ்ந்தன: உழைப்பவனுக்குச் சமுதாயத்தில் எந்த இடம்? ஆவடித் தீர்மானம் அரசியல் மொழியிலும், திருத்தந்தையின் அறிவிப்பு வழிபாட்டு மொழியிலும் அவ்வினாவுக்கு விடை தேடின. தொழிற்சாலையோ அவ்வினாவை நம் தெருவுக்கே கொண்டுவந்து நிறுத்தியது.

சங்கு ஊதிய ஊர்களின் கடைகள்

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949-லேயே அடியெடுத்து வைத்திருந்தது. டன்லப் டயர் ஆலை அடுத்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் ஆகியன எழுந்தன. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, அங்கிருந்து விஜயந்தா பீரங்கி வண்டிகள் வெளிவந்தன. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் வயல்வெளி தொழில்வெளியாயிற்று. இவ்வாலைகளில் டன்லப்பில் இன்று உற்பத்தி இல்லை. ஆயினும் பேருந்து நிறுத்தத்தின் பெயராக அது இன்றும் மக்கள் நாவில் வாழ்கிறது. ஆலை மறைந்தாலும் ஊர் அதன் பெயரை மறக்கவில்லை.

ஆலைச் சங்கு ஊதிய நேரமே கடைகளின் நேரமாயிற்று. காலை ஷிப்டுக்கு முன் தேநீர்க் கடை திறக்க வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து வருபவனுக்குச் சூடாக ஏதேனும் இருக்கவேண்டும். கேரளத்திலிருந்து வந்தோர் தேநீர்க் கடை வைத்தனர். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்தோர் மளிகைக் கடை வைத்தனர். அவர்களை ஊரார் ‘அண்ணாச்சி’ என்று உறவு சொல்லி அழைத்தனர். அவர்களுள் நம் சமயத்தைச் சேர்ந்தோரும் உண்டு. கல்லாவுக்கு மேலே புனித அந்தோணியார் படமும், அதன் அருகே ஊர்த் திருவிழாவின் நாட்காட்டியும் தொங்கிய கடைகளை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள்.

அக்கடைகளின் உயிர்நாடி கணக்கு நோட்டு. மாதம் முழுவதும் அரிசியும் பருப்பும் எண்ணெயும் கடனாக வாங்கப்படும்; சம்பள நாளன்று கணக்குத் தீர்க்கப்படும். ஆலையில் கதவடைப்போ வேலைநிறுத்தமோ வந்தால், நோட்டில் பக்கங்கள் கூடும். அண்ணாச்சி முணுமுணுப்பார், ஆனால் அரிசி கொடுப்பார். ஆலைத் தொழிலாளர் போராட்டங்களைப் பற்றி எழுதுவோர் தலைவர்களின் பெயரை எழுதுகின்றனர். போராட்ட நாட்களில் அடுப்பு அணையாமல் காத்த மளிகைக் கடையின் பெயரை ஒருவரும் எழுதவில்லை. அதே வேளையில் அந்த உறவை மிகைப்படுத்தவும் வேண்டாம். கடன் வாங்கியவர் விலையைக் கேட்க முடியாது. தரத்தைக் குறை கூறவும் முடியாது. ஊரிலிருந்து அழைத்து வரப்பட்ட சிறுவர்கள் கடையிலேயே உண்டு, கடையிலேயே மூட்டைகளின் நடுவே உறங்கி, விடியற்காலை முதல் நள்ளிரவு வரை பொட்டலம் கட்டினர். அன்பும் இருந்தது, அடக்குமுறையும் இருந்தது.

கடைக்கும் தொழிலாளர் உரிமைக்கும் உள்ள உறவை எண்ணும்போது, இதே இருப்புப்பாதையில் உள்ள பெரம்பூரை நினைக்காமல் இருக்க முடியாது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-இல் அங்குத் தோன்றியது. பி. பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. முன்னணியினருள் ஒருவராகவும் விளங்கியதை நாம் அறிவோம். ஆனால் அதற்கு வித்திட்டவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் இரு சிறு வணிகர்கள். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் தங்கள் துயரங்களை இவர்களிடமே கூறி வந்தனர். நண்பகல் உணவுக்குப் போதிய இடைவேளை இல்லை என்பது அத்துயரங்களுள் முதன்மையானது. உண்பதற்கும் சற்றே அமர்வதற்கும் நேரம் வேண்டும் என்ற எளிய வேண்டுகோளே நாட்டின் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்றாக அமைந்தது.

உணவகமும் இருக்கையும்

உணவகங்களின் வரலாறு இருக்கைகளின் வரலாறே ஆகும். யார் உள்ளே அமரலாம், யார் வெளியே நின்று உண்ண வேண்டும் என்பதை நம் நாட்டில் நெடுங்காலம் சாதியே முடிவு செய்தது. பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகளின் வாழ்விலேயே இதற்கொரு சான்று உண்டு. வணிகர் குலத்தவரான நம்பிகளை இராமானுசர் தம் இல்லத்திற்கு விருந்துண்ண அழைத்தார் என்றும், இராமானுசர் இல்லாத நேரத்தில் நம்பிகள் வந்து உண்டு செல்ல, இல்லத்தலைவி அவர் உண்ட இடத்தைத் தூய்மைப்படுத்திக் குளித்து நின்றதைக் கண்டு இராமானுசர் உளம் நொந்தார் என்றும் வைணவ மரபு கூறுகிறது. ஒரு வேளை உணவில் வெளிப்பட்ட அந்தப் பிரிவினை, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னும் உணவகங்களில் தனி இருக்கையாகவும் தேநீர்க் கடைகளில் தனிக் குவளையாகவும் தொடர்ந்தது. நம் திருஅவையும் இதற்கு விலக்கன்று. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டம், தன் 15-ஆம் பிரிவில், கடைகளையும் உணவகங்களையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டு, சாதி, சமயம், பால், பிறப்பிடம் காரணமாக எவருக்கும் அங்கே நுழைவு மறுக்கப்படலாகாது என விதித்தது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் கடைக்கும் உணவகத்துக்கும் இடம் கொடுத்தோர், சமத்துவம் என்பது நாடாளுமன்றத்தில் மட்டுமன்றித் தேநீர்க் கடை விசிப்பலகையிலும் நிலைநாட்டப்பட வேண்டியது என்பதை நன்கு உணர்ந்திருந்தனர்.

இவ்வகையில் மேற்குப் புறநகரின் தொழிற்சாலை உணவகங்கள் ஒரு நற்பணியைச் செய்தன. ஒரே சீருடை அணிந்து ஒரே வரிசையில் நின்று ஒரே நீள்மேசையில் உண்டவர்களிடையே, ஊரில் காத்த எல்லைகள் சற்றேனும் தளர்ந்தன. தொழிற்பேட்டைச் சாலைகளில் பெருகிய தள்ளுவண்டிகள் அத்தளர்ச்சியை மேலும் வளர்த்தன. ‘கையேந்தி பவன்’ என்று நம் மக்கள் நகைச்சுவையோடு பெயரிட்ட அக்கடைகளில் இருக்கையே கிடையாது; ஆதலால் இருக்கையில் வேற்றுமையும் கிடையாது. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகம், ஒரு ரூபாய்க்கு இட்டிலியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதமும் வழங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுவினர் சமைத்துப் பரிமாறினர். 2011-லேயே மாநகராட்சியுடன் இணைந்துவிட்ட அம்பத்தூருக்கும் அது வந்தது. கட்டடத் தொழிலாளியும் கல்லூரி மாணவரும் ஒரே மேசையருகே நின்று உண்டனர்.

அண்மைக் காலத்தில் தொழிற்பேட்டையின் கடைவீதியில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்கள் இன்று இங்குள்ள பட்டறைகளில் உழைக்கின்றனர். அவர்களுக்காக ரொட்டியும் பருப்பும் விற்கும் சிறு உணவகங்கள் தோன்றியுள்ளன. கடைப் பலகைகளில் இந்தி எழுத்தும் இடம்பெறுகிறது. அன்று திருநெல்வேலியிலிருந்து வந்தவரை ‘அண்ணாச்சி’ என்று உறவாக்கிக்கொண்ட இவ்வூர், இன்று வந்தவர்களை எந்த உறவுச் சொல்லால் அழைக்கப் போகிறது? அழைக்கும் சொல் பிறக்கும் வரை அவர்கள் நம் தெருவில் அந்நியரே.

பெருங்கடைகளின் காலம்

1991-இன் பொருளாதார மாற்றங்களுக்குப் பின்னர், கடைவீதியின் மூன்றாம் அடுக்கு உருவாயிற்று. தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருந்த மனைகளில் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. தியாகராய நகரில் மட்டுமே காணக்கிடைத்த பல மாடித் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பாடி வரை வந்தன. 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடிகளைக் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பூவிருந்தவல்லியிலிருந்து அமையும் மெட்ரோ இரயில் பாதையில் 2025-இல் சோதனை ஓட்டமும் நடைபெற்றது. இவை ஒவ்வொன்றையும் தொடர்ந்து அடுமனைகளும், உணவுக் கூடங்களும், கைப்பேசிக் கடைகளும் அணிவகுத்து வருகின்றன.

இப்பெருங்கடைகளில் கணக்கு நோட்டு இல்லை, கடன் இல்லை, விலையைக் கேட்கத் தயங்க வேண்டியதும் இல்லை. பொருள்கள் மிகுதி, வெளிச்சம் மிகுதி. யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை. இவை உண்மையான நன்மைகள். ஆனால் வாடிக்கையாளர் பெற்ற இந்தச் சமத்துவத்தைக் கடைக்குள் பணிபுரிவோர் பெற்றனரா? பழைய மளிகைக் கடையில் கல்லாவில் அமர்ந்திருந்தவர் ஒருவர். நின்றவர் இருவரோ மூவரோதான். இன்றைய பெருங்கடையில் நிற்பவர் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் பெரும் பகுதியினர் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டச் சிற்றூர்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள். பலர் கடை நிர்வாகம் நடத்தும் விடுதிகளிலேயே தங்குகின்றனர். 2010-இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ என்னும் திரைப்படம் தியாகராய நகர்க் கடைப் பணியாளரின் வாழ்வைத் திரையில் காட்டியபோது தமிழகம் கண்ணீர் விட்டது. கண்ணீர் உலர்ந்தபின் அடுத்த தீபாவளிக்குத் துணி வாங்கச் சென்றது.

பத்து மணி நேரமும் பன்னிரண்டு மணி நேரமும் நின்றே பணியாற்றுவதன் விளைவு என்ன? கால் வீங்குகிறது, நரம்பு சுருண்டு புடைக்கிறது, இடுப்பும் முதுகும் தேய்கின்றன. வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் சுவரில் சாயக் கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதி.

இது புதிய துன்பமன்று. இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடைகளில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் வைக்கவேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் வர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கோழிக்கோட்டில் கடைப் பணிப்பெண்கள் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பின் வழியாக அமரும் உரிமைக்குப் போராடியதன் பயனாக, 2018-இல் கேரளம் தன் சட்டத்தைத் திருத்தியது. அடுத்துத் தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவொன்றைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும்; பணியினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பதே அதன் சாரம்.

அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நாம் நினைவில் கொள்வது நன்று. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, நான்கு மணி நேர வேலைக்குப்பின் ஒரு மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை என அது விதித்தது. கடையே வாரத்தில் ஒரு நாள் மூடப்பட வேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று. கதவில் ‘ஞாயிறு விடுமுறை’ என்னும் பலகை தொங்கிய காலம் அது. 2019 மே மாதம் பிறப்பிக்கப்பட்ட அரசாணை, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் கடைகள் ஆண்டின் எல்லா நாட்களிலும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்க இசைவு தந்தது. 2022-இல் அது நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு பணியாளருக்கும் வார விடுமுறை உண்டு, எட்டு மணி நேர வரம்பு உண்டு என்னும் நிபந்தனைகள் அந்த ஆணையில் உள்ளன. சட்டத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஏட்டில் உள்ள இருக்கை கடையில் உள்ளதா என்பதைக் கண்டு சொல்ல வேண்டியவர் யார்? நாள்தோறும் கடைக்குச் செல்லும் நாமே அன்றோ!

கடைக்குச் செல்லாமலே பொருளும் உணவும் வீடு தேடி வரும் வசதியும் இன்று வந்துவிட்டது. இரு சக்கர வண்டியில் விரைந்து வரும் இளைஞருக்குக் கடையும் இல்லை, கல்லாவும் இல்லை, நிழலும் இல்லை. தமிழக அரசு 2023-இல் இவர்களுக்கெனத் தனி நல வாரியம் ஏற்படுத்தியது. 2025-இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறையைத் திறந்தது. அமர ஓர் இடம் என்பதே இவர்களின் வேண்டுகோளாகவும் இருந்தது என்பது கருதத்தக்கது.

சந்தை இடம் மாறிய நாட்கள்

கடைவீதியில் நிற்பவர்களை நாம் உள்ளபடி கண்ட காலம் ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டு மே திங்களில் கோயம்பேடு சந்தையில் பெருந்தொற்று பரவியது, சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த வணிகம் பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசைக்கும், பூ வணிகம் வானகரத்துக்கும் மாற்றப்பட்டன. திருமழிசை ஆழ்வாரின் ஊரென்று அறியப்பட்ட சிற்றூர், சில வாரங்களில் சென்னைக்கே காய்கறி அளிக்கும் ஊராயிற்று. தகரக் கூரையின் கீழ், மழை பெய்தால் சேறாகும் திடலில், மூட்டை தூக்குவோர் இரவெல்லாம் உழைத்தனர். செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மீண்டும் திறந்தது. திருமழிசைத் திடல் வெறுமையாயிற்று. நாம் கதவடைத்து வீட்டில் அமர்ந்திருந்த அந்நாட்களில் நமக்காக நின்றவர்கள் அவர்கள். அவர்களுள் எவருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

நற்செய்தியின் சந்தைவெளி

நற்செய்தியிலும் ஒரு சந்தைவெளி உண்டு. மத்தேயு எழுதிய உவமையில், திராட்சைத் தோட்ட உரிமையாளர் விடியற்காலையிலும், ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், ஐந்து மணிக்கும் வெளியே செல்கிறார். வேலை கிடைக்காமல் நாள் முழுவதும் நின்றுகொண்டிருப்போரைக் கண்டு, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். அன்று அவர்கள் வேலை கிடைக்காததால் நின்றார்கள். இன்று நம் கடைவீதியில் நிற்போர் வேலை கிடைத்ததால் நிற்கிறார்கள். ஆனால் நிற்பவரைக் காணும் கண்ணும், அவரிடம் பேசும் சொல்லும் இன்றும் தேவைப்படுகின்றன.

இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அப்பத்தை எடுக்கும் முன் அவர் செய்யச் சொன்ன முதற்செயல் எது? மக்களை அமரச் செய்யுங்கள் என்பதே. பசித்தோர் நின்றுகொண்டும் உண்ணலாம். ஆயினும் அவர் அவர்களைப் புல்தரையில் பந்தியாக அமர்த்தினார். அமர்ந்து உண்பவன் விருந்தினன். விருந்தினனுக்கு மதிப்பு உண்டு. லூக்கா நற்செய்தியில் இதனினும் வியப்பான செய்தி வருகிறது. விழித்திருந்து காத்த பணியாளர்களைத் தலைவரே பந்தியில் அமரச் செய்து, தம் இடையை வரிந்து கட்டிக்கொண்டு, அவர்களுக்குப் பணிவிடை செய்வார் என்கிறார் ஆண்டவர். விண்ணரசின் விருந்தில் அமர்பவர் பணியாளர், நிற்பவர் தலைவர்.

ஓய்வுநாள் கட்டளையை இணைச்சட்ட நூல் எடுத்துரைக்கும் முறையும் இங்கு எண்ணத்தக்கது. நீ ஓய்வதுபோல் உன் பணியாளனும் பணிப்பெண்ணும் ஓய்வு பெறவேண்டும். நீயும் எகிப்தில் அடிமையாயிருந்ததை மறவாதே என்பதே அதன் பொருள். நம் ஓய்வு பிறருடைய ஓய்வைப் பறித்து அமையுமாயின் அது ஓய்வுநாள் ஆகாது.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடல் ‘ரேரும் நோவாரும்’ என வழங்கப்படுகிறது. ‘புதியன பற்றி’ என்பது அச்சொற்களின் பொருள். புதிய ஆலைகளும் புதிய செல்வமும் தோன்றிய காலத்தில், நியாயமான கூலியும் ஓய்வும் தொழிலாளரின் உரிமை என்று அவர் வலியுறுத்தினார். 1998-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஆண்டவரின் நாள் பற்றிய திருமடலில், ஞாயிறு ஓய்வின் மனித மாண்பை விளக்கினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, பதினான்காம் சிங்கராயர் என்னும் பெயரைத் தாம் ஏற்றதற்கு, உழைப்பைப் பற்றிய அந்தப் பழைய சுற்றுமடலையே காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டார். புதியன தோன்றும்போதெல்லாம் திருஅவை கேட்க வேண்டிய வினா பழையதே: இதில் உழைப்பவரின் நிலை என்ன?

பொதுநிலையினர் செய்யக்கூடியன

இவ்வினாவைக் குருக்களிடமோ அரசிடமோ ஒப்படைத்துவிட்டு நாம் ஒதுங்க முடியாது. கடைவீதி என்பது பொதுநிலையினரின் களம். நம்முள் கடை உரிமையாளர் உண்டு; கணக்கர் உண்டு; கடையில் பணிபுரியும் பெண்களின் பெற்றோரும் உண்டு; வாடிக்கையாளரோ நாம் அனைவருமே.

கடை வைத்திருக்கும் கத்தோலிக்கர், திறப்பு விழாவில் குருவை அழைத்து மந்திரிக்கச் செய்கிறோம். கல்லாவுக்கு மேலே இயேசுவின் திரு இருதயப் படத்தை வைக்கிறோம். அந்தப் படத்தின் பார்வைக்கு எதிரே, பணியாளருக்கு ஓர் இருக்கை உண்டா என்பதையும் நாம் பார்க்கவேண்டும். நாற்காலியின் விலை பெரிதன்று. அதில் ஒருவர் அமர்வதைச் சோம்பல் என்று எண்ணாத மனமே அரிது.

வாடிக்கையாளராகிய நாமும் சிலவற்றைச் செய்யலாம். கிறிஸ்துமசுக்கு முந்திய வாரத்தில் இரவு பத்து மணிக்கு மேல் புத்தாடை வாங்கச் செல்வதைத் தவிர்க்கலாம். நமக்கு முன் ஐம்பது புடவைகளை விரித்து மடித்த பெண்ணிடம் நன்றியுடன் இரு சொல் பேசலாம். இருக்கை இல்லாத கடையில், ஏன் இல்லை என்று பணிவோடு உரிமையாளரிடம் கேட்கலாம். பணியாளர் கேட்டால் வேலை போகலாம். நாம் கேட்டால் நமக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே கேட்க வேண்டியவர் நாமே.

நம் பங்குகளும் அன்பியங்களும் எண்ணிப்பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பெருங்கடைகளில் ஞாயிறே மிகுந்த வேலையுள்ள நாள். அங்குப் பணிபுரியும் நம் இளம்பெண்களுக்கு ஞாயிறு திருப்பலி எட்டாததாகிவிடுகிறது; வாரநாள் விடுமுறையிலோ ஆலயத்தில் அவர்களுக்கென எதுவும் இல்லை. ஊரில் பாடகற்குழுவில் பாடியவள், மறைக்கல்வி கற்பித்தவள், இங்கு வந்தபின் எந்தப் பங்கின் பெயர்ப்பதிவேட்டிலும் இல்லாதவளாகிறாள். விடுதிகளில் தங்கியுள்ள இவர்களைத் தேடிச் சென்று சந்திப்பதும், அவர்களுக்கு இயலும் நேரத்தில் ஒரு திருப்பலியும் ஒரு கூடுகையும் அமைப்பதும், மே முதல் நாள் புனித சூசையப்பர் திருவிழாவில் ஆலைத் தொழிலாளரோடு கடைப் பணியாளரையும் அழைத்துப் பந்தியில் அமர்த்திப் பரிமாறுவதும் பெருஞ்செலவுள்ள திட்டங்கள் அல்ல.

1955-இல் ஆவடியில் நிறைவேறிய தீர்மானம் இன்று பெரும்பாலும் வரலாற்று நூல்களில் மட்டுமே வாழ்கிறது. அதே ஆண்டு தோன்றிய திருவிழா மட்டும் ஆண்டுதோறும் நம் ஆலயங்களில் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்தக் கொண்டாட்டம் பீடத்தோடு நின்றுவிடாமல் கடைவீதி வரை வரவேண்டும். அடுத்த முறை நம் தெருவில் ஒரு புதிய கடையின் திறப்பு விழா நடக்கும்போது, சலுகைப் பலகையைப் படித்து முடித்தபின் உள்ளே நிற்பவர்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்றும் பார்ப்போம்.